திருச்செல்வம் சார் எடுத்த புத்தகம்

திருச்செல்வம் அன்றைக்கு ஏழு நிமிடம் தாமதம். உலு திராமிலிருந்து வரும் சாலையில் லாரி ஒன்று குடைசாய்ந்து கிடந்தது, காரணம் நிஜமானதுதான். ஆனால் பதினோரு வருடம் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் அரை நிமிடத் தாமதத்துக்கும் பதில் சொல்லிப் பழகியவன் என்பதால், வகுப்பறை வாசலில் நின்றுகொண்டு யாரும் கேட்காமலே அந்த லாரியின் நிறம் வரைக்கும் விளக்கினான். உள்ளே இருந்த பயிற்சி ஆசிரியர்கள் இருபத்தோரு பேரும் சிரித்தார்கள். விரிவுரைஞர் பஸீலா மட்டும் சிரிக்காமல், "பரவால்ல சார், செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க. இன்னிக்கு எல்லாரும் பாயிலதான் உக்காரணும்," என்றார்.

ஜொகூர் பாருவில் இருக்கும் ஆசிரியர் கல்விக் கழகம் அது. உட்கார்ந்திருந்த எல்லாரும் ஏற்கெனவே ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பவர்கள். வேலையை முதலில் கையில் கொடுத்துவிட்டு, அதை எப்படிச் செய்வது என்பதைப் பிறகு பள்ளி விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும் கூப்பிட்டுச் சொல்லித் தருகிற ஏற்பாடு. நீந்தத் தெரியாதவனைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் கரையிலிருந்து கைகாலை ஆட்டச் சொல்வது மாதிரிதான். ஆனால் திருச்செல்வத்துக்கு அதில் குறை ஒன்றுமில்லை. தமிழில் பட்டம் வாங்கி, ஆசிரியர் வேலைக்கு ஐந்து முறை நேர்காணலுக்குப் போய், ஐந்து முறையும் வெறுங்கையோடு திரும்பி, முப்பத்தைந்து வயதில் ஆறாவது முறை கிடைத்த வேலை. பாயில் என்ன, வெறுந்தரையில்கூட உட்காருவான்.

பாயைச் சுற்றி அறுபது எழுபது படப்புத்தகங்கள் பரப்பியிருந்தன. குழந்தைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டுகிற, பக்கம் நிறையப் படம் போட்ட புத்தகங்கள். அவற்றில் தமிழ்ப் புத்தகம் பத்துகூடத் தேறாது. மற்றதெல்லாம் மலாய், ஆங்கிலம், சீனம். ஒவ்வோர் ஆண்டும் பயிற்சிக்கு வருகிறவர்கள் அந்த எழுத்துகளின் மேல் தாளை ஒட்டி, அதில் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். புத்தகம் போதாத இடத்தில் அப்படித்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. சிலவற்றில் ஒட்டிய தாள் உப்பி, தமிழுக்கு அடியிலிருந்து மலாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பேரு, ஊரு, படிச்ச படிப்பு, அதெல்லாம் ஃபைல்ல இருக்கு. எனக்கு வேணாம்," என்றார் பஸீலா. "உங்களுக்குன்னு ஒரு புத்தகத்த எடுங்க. ஏன் எடுத்தீங்கன்னு சொல்லுங்க. அதான் அறிமுகம்."

நல்ல புத்தகமெல்லாம் அதற்குள் மற்றவர்கள் கைக்குப் போய்விட்டது. எல்லாரிலும் இளையவனான ரூபேந்திரன், பல்வலி வந்த முதலையை மடியில் வைத்திருந்தான். தனக்கும் பல் டாக்டர் என்றால் ஜன்னி வந்துவிடும் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். மூவாரிலிருந்து வந்திருந்த யோகேஸ்வரி, மூன்று கால் நாற்காலி ஒன்றின் கதையை எடுத்திருந்தாள். அவளுடைய அப்பா நாற்காலி செய்கிற பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர். திருச்செல்வம் ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்தான். திறந்து பார்த்தால் ஓர் எழுத்து இல்லை. முதல் பக்கத்தில் நீலப் பேருந்து ஒன்று நின்றது. அடுத்த பக்கத்தில் கிளம்பியது. மழையில் போனது, பாலத்தில் ஏறியது, கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. ஆள் யாரும் கிடையாது, ஓட்டுநர்கூட இல்லை. எட்டே படம்.

"சார், நீங்க?"

எழுந்து நின்றான். பாயில் உட்கார்ந்தபடியே பேச வேண்டும் என்று யாரோ சொன்னதும் மறுபடி உட்கார்ந்தான். "நான் பதினோரு வருசம் ஃபேக்டரி பஸ்ல போனவன் மேடம். காலையில நாலரைக்கு ஏறுனா பாலத்தத் தாண்டி சிங்கப்பூரு. திரும்பி வரப்ப ராத்திரி ஒம்பது, பத்து ஆயிடும். அதான் இந்த பஸ்ஸப் பாத்ததும் எடுத்தேன்," என்றான்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பஸீலா விடவில்லை. "வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா சார்?"

"ஒரே மக மேடம். ஒம்பது வயசு."

"அவங்களோட உக்காந்து புத்தகம் படிப்பீங்களா?"

இருபத்தோரு முகம் அவனைப் பார்த்தது. பாதிப் பேர் கல்யாணம் ஆகாதவர்கள். மீதிப் பேருக்குக் கைக்குழந்தை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவன் அங்கே அவன் ஒருவன்தான். "தெனமும் படிப்போம் மேடம்," என்று வாயில் வந்தது. வந்ததோடு நிற்காமல், "தமிழ்லதான்," என்று வேறு சேர்ந்து வந்தது.

பஸீலாவின் முகம் மலர்ந்துபோனது. "பாருங்க, இப்படி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்," என்று எல்லாரிடமும் சொன்னார் அவர். "சார், மூணு வாரம் டைம். அந்த எட்டுப் பக்கத்துக்கும் எட்டு வரி நீங்களே எழுதி ஒட்டுங்க. கடைசி வகுப்புக்கு மகளக் கூட்டிட்டு வாங்க. வீட்டுல எப்படிப் படிப்பீங்களோ அப்படியே எங்க முன்னாடி படிச்சுக் காட்டுங்க. போதும்."

"அலமாக், சாருக்கு ஏ கிரேட் நிச்சயம்லா," என்றான் ரூபேந்திரன்.

உண்மை என்னவென்றால், மகள் தர்வினிக்குத் தமிழில் 'அ' தெரியாது. பேசுவாள், வீட்டில் தமிழ்தான், நடுவில் ஆங்கிலமும் மலாயும் கலந்து கிடக்கும். எழுத்து மட்டும் சுத்தமாகத் தெரியாது. அவள் சீனப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அப்பா கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் தமிழ் வாத்தியார்.

அந்தப் பள்ளியில் மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். ஆண்டுக் கடைசியில் தலைமையாசிரியர் வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளையை நம் பள்ளியில் சேருங்கள் என்று கெஞ்சுவார். போன ஆண்டு திருச்செல்வமும் கூடப் போயிருந்தான். ஒரு வீட்டில் தலைமையாசிரியர் பேசி முடித்ததும், வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி திருச்செல்வத்தைப் பார்த்து, "சாரோட பிள்ள எங்க படிக்குது?" என்று சும்மாதான் கேட்டாள். அவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். கட்டியிருந்த கயிற்றைத்தான் அவிழ்த்துக் கட்டினான். அந்த வீட்டுப் பிள்ளை கடைசியில் மலாய்ப்பள்ளிக்குப் போனது.

சீனப்பள்ளி யோசனை அவனுடையதுதான். தொற்றுக் காலத்தில் பாலத்தை மூடியபோது அவன் அக்கரையில் மாட்டிக்கொண்டான். ஒரே அறையில் ஆறு பேர், இருபது மாதம். அந்தச் சமயத்தில்தான் தர்வினியைப் பள்ளியில் பதிய வேண்டி வந்தது. சாந்தினி, அவன் மனைவி, எந்தப் பள்ளியில் போடுவது என்று தொலைபேசியில் கேட்டாள். அவன் வேலை செய்த உற்பத்திப் பிரிவில் மேற்பார்வையாளர் இடம் காலியாகும் போதெல்லாம் சீனம் பேசத் தெரிந்தவனுக்குத்தான் போகும். தமிழ்ப் பட்டதாரி மூன்று முறை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். என் மகள் ஒருத்தன் முன்னாலும் இப்படி நிற்கக்கூடாது என்று நினைத்தான். நினைத்ததில் என்ன தப்பு? எந்த அப்பனும் அதைத்தான் நினைப்பான். பாலம் திறந்து அவன் வீட்டுக்கு வந்தபோது, கைப்பேசியில் பார்த்த அப்பா இவ்வளவு உயரமா என்பதுபோல அவள் அண்ணாந்து பார்த்தாள். கிட்டே வர இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஆசிரியர் வேலை கிடைத்தது. மதியம் மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதுதான் அதில் அவனுக்குப் பெரிய சந்தோஷம். வந்துவிட்டான். ஆனால் மகள் அதற்குள் சீனத்துக்குள் போய்விட்டிருந்தாள். அவளுடைய பாடப் புத்தகம் ஒன்றிலும் அவனால் ஒரு வரி சொல்லித் தர முடியாது. அவள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக வாரம் ஒருமுறை தமிழ் வகுப்பு நடத்த அனுமதி இருக்கிறது, ஆசிரியர்தான் இரண்டு வருடமாக வரவில்லை. நான் வந்து சும்மாவே சொல்லித் தருகிறேன் என்று போய் நின்றான். உங்களை நியமித்திருப்பது வேறு பள்ளியில், இங்கே வர மேலிடத்துக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்துக்கு எழுதிப் போட்டான். அது எந்த மேசையில் தூங்குகிறதோ.

அன்று மாலை சாந்தினியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் கிளார்க். விஷயத்தைச் சுற்றி வளைக்கிற பழக்கமில்லை.

"அந்த மேடத்துகிட்ட உண்மையச் சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? தமிழ் சாரு மக தமிழ் படிக்கலன்னா?"

"அது உண்மதானே?"

"சாந்தினி..."

"நான் அன்னிக்கு ஃபோன்ல ரெண்டு தடவ கேட்டேன். நம்ம தமிழ்ப்பள்ளியில போடட்டுமான்னு. ரெண்டு தடவையும் சீனப்பள்ளின்னு சொன்னது யாரு?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு அவனும் கத்தித் தொலைத்திருப்பான்.

மூன்று வாரம் இருந்தது. திருச்செல்வத்துக்கு மனதில் ஒரு சபலமும் தட்டியது. பொய்யாகச் சொன்னதை மெய்யாக்கிவிட்டால் என்ன? மூன்று வாரத்தில் எட்டு வரி படிக்கக் கற்றுக்கொடுக்க முடியாதா? மானம் போகாமல் இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மகள் தன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை, ஒன்றே ஒன்றை, தமிழில் படிக்க வேண்டும். அதைக் காதால் கேட்க வேண்டும். வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் 'அ' எழுதிக் காட்டினான். தர்வினி பென்சிலைப் பிடித்துக்கொண்டு கவனமாகப் பார்த்தாள்.

"எந்தக் கோடு ஃபர்ஸ்ட்ப்பா?"

"கோடு இல்லம்மா. ஒரே இழுப்பு. இப்படிச் சுழிச்சு..."

"மொத்தம் எத்தன கோடு?"

அவள் பள்ளியில் ஒவ்வோர் எழுத்துக்கும் கோடு கணக்கு உண்டு. முதலில் எது, அடுத்து எது என்று வரிசை உண்டு. வரிசை தப்பினால் எழுத்தே தப்பு. அவள் 'அ'வை நான்கு துண்டாகப் பிரித்து, பென்சிலைத் தூக்கித் தூக்கி வைத்து, வீடு கட்டுகிற மாதிரி கட்டினாள். பார்க்க 'அ' போலத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை எழுதி முடிக்க அரை நிமிடம் பிடித்தது. திருச்செல்வம் அவள் கையைப் பிடித்துச் சுழித்துக் காட்டினான். விட்டதும் மறுபடி நான்கு துண்டு. இரண்டாம் நாள் 'ஆ'. அதற்கு ஐந்து கோடு என்று அவளே கணக்குச் சொன்னாள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று அவன் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததை எங்கிருந்தோ கண்டுபிடித்துக்கொண்டு வந்து, "உண்மையாப்பா?" என்று கேட்டாள்.

பிள்ளை முரண்டு பிடிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வேதனை. டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு வருவாள், குளித்துவிட்டு வீட்டுப்பாடம், நாளைக்குச் சொல்வதெழுத இருபது சொல், அதற்கப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்பாவின் நோட்டோடு வந்து உட்காருவாள். பத்தாம் நாள் அவளுடைய சீன நோட்டில் வகுப்பாசிரியை சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார். திருச்செல்வத்துக்குப் படிக்கத் தெரியவில்லை. சாந்தினி கைப்பேசியில் படம் பிடித்து அது என்ன மொழிபெயர்க்கிறது என்று பார்த்தாள். இந்த வாரம் கவனம் இல்லை, சொல்வதெழுதுதலில் இருபதுக்கு ஒன்பது என்று வந்தது. எப்போதும் பத்தொன்பது, இருபது வாங்குகிறவள்.

"போதுங்க," என்றாள் சாந்தினி. "ரெண்டு ஆத்துலயும் கால வச்சா பிள்ள எங்க போவா?"

எழுத்து 'ஊ' வரை வந்து நின்றது.

ஒரு வாரம் அப்படியே ஓடி, நான்கு நாள்தான் பாக்கி. திருச்செல்வம் அப்போது செய்த காரியத்தை எந்த ஊர்த் தமிழ் வாத்தியாரும் வெளியில் சொல்ல மாட்டார். எட்டு வரியையும் மலாய் எழுத்தில், அதாவது ஏ பி சி டியில், ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்தான். மலாய் எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பார்த்துப் படித்து மனப்பாடம் செய்துவிட்டால், பக்கத்தைத் திருப்பத் திருப்பச் சொல்லிக்கொண்டே போகலாம். கேட்கிறவர்களுக்குப் படிப்பது மாதிரியே இருக்கும். இருபதே நிமிடத்தில் எட்டு வரியும் அவள் நாக்கில் ஏறிவிட்டது. சீனப்பள்ளியில் மனப்பாடம் செய்து பழகிய நாக்கு. அவனுக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது.

"இது ஏமாத்துறது இல்லையாப்பா?" என்று கேட்டாள் தர்வினி.

"இல்லம்மா. இது வந்து... பயிற்சி."

"ஓ," என்றாள் அவள்.

அந்த எட்டு வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீல நிறப் பேருந்து நிற்கிறது. பேருந்து புறப்படுகிறது. மழை பெய்கிறது. பேருந்து பாலத்தின் மீது செல்கிறது. இப்படியே எட்டு. தேர்வுத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிக் கொடுக்கிற வாக்கியங்கள். தமிழில் பட்டம் வாங்கியவன், பதினோரு வருடம் அதே பாலத்தில் போய் வந்தவன், படத்தைப் பார்த்து எழுதியது அவ்வளவுதான். பதற்றத்தில் இருக்கிறவனுக்குக் கற்பனை எங்கிருந்து வரும்! எழுதிய தாள்களைக் கிளம்புகிற அன்று காலையில்தான் அவசரம் அவசரமாகப் பசை தடவி ஒட்டினான்.

அந்தச் சனிக்கிழமை தர்வினிக்குச் சாந்தினி மஞ்சள் பஞ்சாபி உடுப்பு போட்டு, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் தர்வினி கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, பஸீலாவைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். அவள் பள்ளியில் ஆசிரியருக்கு அப்படித்தான் வணக்கம். பயிற்சி ஆசிரியர்கள் எல்லாரும் சொக்கிப் போனார்கள். "எவ்ளோ மரியாதலா சார்!" என்றாள் யோகேஸ்வரி. ரூபேந்திரன் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பதிவு செய்யத் தொடங்கினான்.

அப்பாவும் மகளும் பாயின் நடுவில் உட்கார்ந்தார்கள். புத்தகம் இருவர் மடியிலும் பாதிப் பாதி. தர்வினி கணீரென்று ஆரம்பித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். வரிக்கு வரி கண்ணை இடமிருந்து வலம் நகர்த்தவும் செய்தாள். அதை அவன் சொல்லித் தரவில்லை, அவளாகவே செய்தாள். திருச்செல்வத்துக்கு அது பொய் என்பதே ஒரு கணம் மறந்து போயிற்று. மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் படிக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்தான்.

காலையில் தடவிய பசை நான்காம் பக்கத்தையும் ஐந்தாம் பக்கத்தையும் ஒட்ட வைத்திருந்தது. அவள் திருப்பியபோது இரண்டும் சேர்ந்து புரண்டன. படத்தில் பேருந்து கார்க் கூட்டத்துக்குள் மாட்டி நிற்கிறது. தர்வினி கணீரென்று, "பேருந்து பாலத்தின் மீது செல்கிறது," என்றாள்.

எல்லார் கண்களும் படத்துக்குப் போய்ப் பிள்ளையிடம் திரும்பின. பிள்ளைகள் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்று வாரமாகக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். திருச்செல்வம் அந்தப் பார்வையிலேயே புரிந்துகொண்டான்.

பஸீலா அருகில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் கேட்கிற மாதிரி இயல்பாக, "பாலம்னு எங்க எழுதியிருக்கும்மா? விரல் வச்சுக் காட்டு பாப்போம்," என்றார்.

தர்வினி விரலை நீட்டினாள். அது தாளுக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

அப்போதாவது அவன் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கலாம். "கூச்சப்படுறா மேடம்," என்றான். முதல் பொய்க்காவது சபைக்கூச்சம் என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு என்ன சாக்கு?

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது டீச்சர்," என்றாள் தர்வினி. அழவில்லை. ஓர் உண்மையைச் சொல்கிற குரல். "நான் சீனப்பள்ளி. அப்பா மலாய் எழுத்துல எழுதிக் குடுத்தாரு. நான் மனப்பாடம் பண்ணேன்."

ரூபேந்திரன் பதிவை நிறுத்திக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். நல்ல மனசோடுதான் செய்தான். யோகேஸ்வரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்து அவனுடைய மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அதைவிடக் கைகொட்டிச் சிரித்திருக்கலாம். திருச்செல்வம் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

பஸீலா அவனிடம் ஒன்றுமே கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கி, ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகக் கிழியாமல் உரித்து எடுத்தார். பசை காயாததால் சுலபமாக வந்தது. எட்டு வரியும் அவர் மடியில் சுருண்டு கிடந்தன. "இது எழுத்தே இல்லாத புத்தகம்தாம்மா," என்றார் பிள்ளையிடம். "படிக்கத் தெரிய வேணாம். படத்தப் பாரு. உனக்கு என்ன தோணுதோ சொல்லு. எந்த மொழியில வேணாலும் சொல்லு."

தர்வினி முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சீனத்தில் தொடங்கினாள்.

திருச்செல்வம் அவள் சீனம் பேசிக் கேட்டிருக்கிறான். தொலைபேசியில் தோழிகளோடு, துண்டு துண்டாக. இது அப்படி இல்லை. குரல் இறங்கியது, ஏறியது. மழைப் பக்கத்துக்கு வந்ததும் விரல்களைப் பாயில் தட்டி மழை பெய்வித்தாள். பாலத்தில் குரலை நீட்டி இழுத்தாள். யாரோ இருவர் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு முறை தடித்த குரலில் சொல்லி, ஒரு முறை சின்னக் குரலில் பதில் சொன்னாள். கார்க் கூட்டத்தில் எதையோ எண்ணினாள். ஒரு பக்கத்துக்கே பத்துப் பதினைந்து வாக்கியம். அந்தப் பிள்ளைக்குள் இவ்வளவு பெரிய கதைக்காரி உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒன்பது வருடமாக அவனுக்குத் தெரியாது.

ஒரே ஒரு சொல் அவனுக்குப் பிடிபட்டது. பாபா. அப்பா என்று அர்த்தம். அதுகூடத் தெரியாத அளவுக்கு அவன் மோசமில்லை. அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. அவன் புத்தகத்தை எட்டிப் பார்த்தான். படத்தில் ஆளே கிடையாது. வெறும் பேருந்து. அவள் அதற்குள் ஓர் அப்பாவை ஏற்றி உட்கார வைத்திருக்கிறாள். அந்த அப்பா என்ன செய்கிறார்? தடித்த குரலில் அந்தச் சின்னக் குரலிடம் என்ன சொல்கிறார்? அவனுக்கு எழுந்து அவள் வாயைப் பொத்தி, நில்லு, மெதுவாச் சொல்லு, எனக்குப் புரியல என்று கத்த வேண்டும்போல இருந்தது. சபையில் எப்படிக் கத்துவது? கேட்டுக்கொண்டே இருந்தான்.

கடைசிப் பக்கம். பேருந்து நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது. தர்வினி குரலைக் குறைத்தாள். பாபா என்று ஒருமுறை சொன்னாள். பிறகு மூன்று நான்கு சொல், மிக மெதுவாக. புத்தகத்தை மூடிவிட்டுக் குனிந்து வணங்கினாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். யோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது, குரலுக்கே அப்படி. "யாருக்காச்சும் வெளங்குச்சா?" என்று பஸீலா சுற்றிலும் பார்த்தார். இருபத்திரண்டு பேரும் தமிழ்ப்பள்ளியிலோ மலாய்ப்பள்ளியிலோ படித்து வந்தவர்கள்.

"எனக்கு காப்பி சொல்ற அளவுக்குத்தான் சீனம் வரும் மேடம்," என்றான் ரூபேந்திரன்.

"எங்களுக்குத் தமிழ்ல சொல்றியாம்மா?" என்று கேட்டார் பஸீலா.

தர்வினி யோசித்தாள். வாயைத் திறந்து, மூடி, உதட்டைக் கடித்தாள். "தமிழ்ல வரல டீச்சர்," என்றாள்.

புறப்படும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவனிடம் பஸீலா வந்தார். ஏதாவது சொல்லித் திட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவர், "மார்க் பத்தி நெனைக்காதீங்க சார்," என்று மட்டும் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "என் பேரப்பிள்ளைங்களும் இன்டர்நேஷனல் பள்ளிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெப்ராவ் சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. தர்வினி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, யோகேஸ்வரி கட்டிக் கொடுத்த கரிபாப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள். உடுப்பில் உதிர்ந்த துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டாள். திருச்செல்வத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று சிக்னல் தாண்டியாயிற்று.

"தர்வினி."

"ம்?"

"அந்தக் கதையில அப்பா வந்தாருல்ல?"

"ம்."

"கடைசிப் பக்கத்துல பஸ்ஸு நிக்குது. கதவு தொறந்திருக்கு." அவன் சாலையைப் பார்த்தபடியே கேட்டான். "அப்பா எறங்கி வீட்டுக்கு வந்துட்டாரா?"

அவள் தின்பதை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, வருத்தமும் இல்லை. இவருக்கு ஏன் இது தெரியவில்லை என்கிற ஆச்சரியம் மட்டும்தான்.

"அதான் சொன்னேனேப்பா," என்றாள். "எல்லாரு முன்னாலயும் சொன்னேனே."

"ஆமாம்மா," என்றான் திருச்செல்வம். "சொன்ன."